லொத் நதியில் ஒரு பகல்: நாமே ஓட்டும் வாடகை மின்படகு எப்படி?

பிரான்சில் நதிப் பயணம் என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் பாரிசில் சேன் நதிப் படகில்தான் ஏறுவார்கள். ஒரு மணி நேரத்தில் ஈஃபில் கோபுரம், நோத்ர்தாம் எல்லாவற்றையும் பார்த்து இறங்கிவிடலாம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நகரத்தைப் பார்க்கிற பயணம். நதியைப் பார்க்கணும், ஒரு பகல் முழுக்க அதன்மேலேயே இருக்கணும் என்று ஆசைப்படுகிறவர்கள் தென்மேற்கே கஓர் நகரத்துக்குப் பக்கத்தில் ஓடும் லொத் நதிக்குப் போங்கள். அங்கே சின்ன மின்படகு ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுங்கள். இதைவிட நிம்மதியாக ஒரு நாளைக் கழிக்க இந்த நாட்டில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. குறைகளும் உண்டு, அவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போனது நான்கு பேர்: நான், கணவர், பன்னிரண்டு வயது மகள், எங்களோடு சில மாதம் தங்க வந்திருந்த அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. நெடுநேரம் நடக்க முடியாது, வேடிக்கை பார்க்கவோ அலுக்காது. அவருக்காகத் தேடியதில்தான் இந்தப் படகு அகப்பட்டது.

துலூஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாரிஸிலிருந்து வருகிறவர்களுக்கு ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் கஓர் வரைக்கும் நேரடி ரயில் இருக்கிறது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கஓரிலிருந்து அரை மணி நேரம் ஆற்றை ஒட்டிய சாலையில் போனால் பூஸியேஸ் என்கிற சிற்றூர். அந்தப் பக்கத்துத் துறையில்தான் நாங்கள் படகு எடுத்தோம். கார் இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கில் அலைவது கஷ்டம், அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். பிரான்சில் 6 குதிரைத்திறனைத் தாண்டாத மோட்டார் என்றால் ஓட்டுவதற்கு உரிமம் தேவையில்லை, இந்தப் படகுகள் எல்லாம் அதற்குள் அடங்கும். படுக்கை, சமையலறையோடு வாரக்கணக்கில் வாடகைக்கு விடும் பெரிய படகுகளுக்குக்கூட, வாடகை நிலையமே கொஞ்ச நேரம் பயிற்சி கொடுத்துத் தற்காலிக அட்டை ஒன்றைத் தந்துவிடும். அப்புறம் 15 மீட்டர் நீளம் வரைக்கும் ஓட்டலாம்.

எங்களுக்குக் கிடைத்தது தட்டையான அடிப்பாகம் கொண்ட ஏழு பேர் படகு. நடுவில் ஒரு துணிக்கூரை, இரண்டு பக்கமும் நீள இருக்கை, பின்னால் சுக்கான் சக்கரம். அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு நெம்புகோல்: முன்னே தள்ளினால் முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே போகும். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்னத் திரை. லைஃப் ஜாக்கெட், இரண்டு துடுப்பு, கொக்கி வைத்த நீளக் கழி, முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறு, பிளாஸ்டிக் உறை போட்ட நதி வரைபடம். காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை 170 யூரோ வாங்கினார்கள். முன்பணமாக ஒரு தொகையை வங்கி அட்டையில் நிறுத்திவைத்து, படகைத் திருப்பித் தந்ததும் விடுவித்தார்கள். பெட்ரோல் செலவு கிடையாது. நான்கு பேருக்கு இது மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மணி நேரம் ஒரு படகு முழுக்க நமக்கே என்று பார்த்தால் நியாயமான விலைதான்.

புறப்படுமுன் ஒரு பெண்மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். நல்ல பொறுமை, நல்ல சிரிப்பு. ஆனால் முழுக்க முழுக்க பிரெஞ்சில், அதுவும் வேகமாக. எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்துப் படகில் இருந்த வெளிநாட்டுக் குடும்பம் திருதிருவென விழித்தது, கடைசியில் என் மகள்தான் அவர்களுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். ஆற்றில் தடுப்பணைகள் இருக்கின்றன, அவற்றின் பக்கம் போகவே கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பக்க ஆங்கிலத் தாளாவது கொடுத்திருக்கணும். வரைபடமும் வெயிலில் வெளுத்துப்போய், லாக் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவு வைத்த தொட்டி) எந்தக் கரையில் இருக்கிறது என்பதே மங்கலாகத் தெரிந்தது. வேறு ஒன்று கேட்டோம், உடனே மாற்றித் தந்தார்கள். நீங்களும் வாங்கும்போதே விரித்துப் பாருங்கள்.

துறையை விட்டுக் கிளம்பியதும் முதலில் மனதைத் தொட்டது சத்தம் இல்லாமைதான். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என்னடி, ஸ்டார்ட் பண்ணலையா இன்னும்?" என்று கேட்டார். கரை ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தது. சைக்கிளை நிதானமாக மிதித்துப் போகிற வேகம்கூட இல்லை, விறுவிறுவென்று நடக்கிறவர் நம்மை எட்டிப் பிடித்துவிடுவார். இந்த வேகம்தான் இந்தச் சேவையின் முழு மதிப்பும் என்பது என் கருத்து. கரையில் நிற்கும் நாரையை முதலில் தூரத்தில் பார்க்கிறோம், அப்புறம் பக்கத்தில் பார்க்கிறோம், அது கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது, நாம் கடந்து போன பிறகும் அங்கேயேதான் நிற்கிறது. மீன்கொத்தி ஒன்று நீர்மட்டத்தோடு நீலக் கோடு இழுத்த மாதிரி பறந்தது. மோட்டார் இரைச்சல் இருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

எதிரோட்டமாக, சேன் சிர் லாப்போப்பி என்கிற ஊரை நோக்கிப் போவதுதான் எங்கள் திட்டம். தூரம் ஐந்து கிலோமீட்டர் போல. நடுவில் கனில் என்கிற இடத்தில் ஒரு லாக்.

இந்த நதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், தெரிந்துகொண்டு போனால் பார்க்கிறது எல்லாம் கூடுதலாகப் புரியும். லொத் செவென் மலைப் பக்கம் பிறந்து, 480 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஓடி, எகியோன் என்ற ஊருக்கருகே கரோன் நதியில் கலக்கிறது. கரோன் வழியே கீழே போனால் போர்தோ துறைமுகம். அதனால் கஓரின் கரும்சிவப்பு ஒயின் பீப்பாய்கள் பல நூற்றாண்டுகள் இந்த நதியில்தான் போயின, கபார் என்கிற தட்டையடிப் படகுகளில். 19-ஆம் நூற்றாண்டில் லாக்குகள் கட்டி வழியைச் செம்மைப்படுத்தினார்கள். அந்த வேலை முடிந்து நெடுநாள் ஆகுமுன்பே ரயில் வந்தது, சரக்கெல்லாம் அதற்குப் போய்விட்டது. 1926-இல் படகுப் போக்குவரத்துக்குரிய நீர்வழிகளின் பட்டியலிலிருந்தே லொத்தை நீக்கிவிட்டார்கள். லாக்குகள் இடிந்தன, மரம் முளைத்தது. 1990-இல்தான் கஓரைச் சுற்றி 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தைச் செப்பனிட்டுத் திறந்தார்கள். சரக்குப் படகு ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க உல்லாசப் படகுகள். பெரிய கால்வாய்களில் இருக்கிற நெரிசல் இங்கே இல்லாததற்கு அதுதான் காரணம்.

இனி கனில் லாக். பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆற்றின் குறுக்கே தடுப்பணை. அதற்குப் பக்கத்தில், கருங்கல் போல இறுகிய சுண்ணாம்புக் கல்லால் கட்டிய ஒரு நீளத் தொட்டி, முன்னும் பின்னும் இரட்டைக் கதவு. லொத்தில் லாக்கை இயக்க ஆள் இல்லை, வருகிறவர்களே இயக்கிக்கொள்ள வேண்டும். முதலில் லாக்குக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற மேடையில் படகை ஒட்டி இரண்டு பேரை இறக்கிவிடணும். கணவரும் மகளும் இறங்கினார்கள். நான் சுக்கானில், அம்மா நடு இருக்கையில். மேலே தொட்டி நிறைந்திருந்தது, அதை வடிக்காமல் நாம் உள்ளே போக முடியாது. மகள் இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். பல்சக்கரம் டக் டக்கென்று ஏற, கீழ்க்கதவில் இருக்கும் மதகுப் பலகை மெல்ல உயர்ந்தது. கதவடியிலிருந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. படகு அந்தத் தள்ளலில் பின்னால் நகர்ந்தது, நெம்புகோலை ஒரு விரல் முன்னே தள்ளி நிலைநிறுத்தினேன்.

இரண்டு பக்கமும் தண்ணீர் சமமாகும் வரைக்கும் கதவை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. சமமானதும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் சுற்றினாலே திறக்கிறது. தொட்டிக்குள் நுழைந்தோம். வெயில் சட்டென்று நின்று, சில்லென்று ஆகிவிட்டது. இரு பக்கமும் ஈரச் சுவர், கல் இடுக்கில் பாசி, சின்னச் சின்னப் பெரணி, சொட்டுச் சொட்டாக ஒழுகும் நீர். தலைக்கு மேலே ஒரு நீளத் துண்டு வானம், விளிம்பில் மகளின் முகம். கயிறை மேலே எறிந்தேன், கணவர் அதைக் குத்துக்கம்பத்தில் ஒரு சுற்று சுற்றி முனையைக் கையில் வைத்துக்கொண்டார். முடிச்சுப் போடக் கூடாது என்று அந்தப் பெண்மணி திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார், படகு ஏறும்போதும் இறங்கும்போதும் கயிறு கூடவே வரணும். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாத அம்மா, அவர் கையை ஆட்டிக் காட்டியதை வைத்தே அதைப் புரிந்துகொண்டிருக்கிறார். "மாப்பிள்ளை, கட்டிடாதீங்க, சும்மா பிடிச்சுக்கோங்க" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

கீழ்க்கதவை மூடி, அதன் மதகுப் பலகையையும் இறக்கி, அப்புறம் மேல்க்கதவின் பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கணும். அவசரப்பட்டால் தண்ணீர் பாய்ந்து வந்து சின்னப் படகைச் சுவரோடு மோதவைக்கும். மகள் நான்கு சுற்று சுற்றி நிறுத்தினாள், பார்த்தாள், இன்னும் நான்கு சுற்று. சுவர் கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. பாசி மறைந்து காய்ந்த கல் வந்தது, அதற்கு மேலே புல், அதற்கு மேலே கணவரின் செருப்பு, கடைசியில் மொத்தப் பள்ளத்தாக்கும் வெயிலோடு எதிரே வந்து நின்றது. அம்மா கைதட்டினார். எல்லாமாகச் சேர்த்து இருபது நிமிடம் இருக்கும். மின்சாரம் கிடையாது, இயந்திரம் கிடையாது. நான்கு பேரும் ஒரு படகும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருந்தோம்.

வெளியே வந்ததும் கதவை மூடி, பலகைகளை இறக்கிவிட்டுத்தான் நகரணும். முன்னால் போன யாரோ இதைச் செய்யாமல் போயிருந்தால் பின்னால் வருகிறவர்களுக்குப் பாடு. தயவுசெய்து செய்யுங்கள்.

கனிலில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. எதிரோட்டமாகப் போகும்போது வலப்பக்கம் செங்குத்தாகப் பாறை. மோட்டார் இல்லாத காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துத்தான் மேலே கொண்டுபோனார்கள். இங்கே கரையே இல்லை, பாறை நேராக ஆற்றில் இறங்குகிறது. அதனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பாறையையே குடைந்து நடைவழி வெட்டியிருக்கிறார்கள். மேலே பாறை கூரையாகக் கவிந்திருக்கும், பக்கவாட்டில் நதி. உளி பட்ட தடங்கள் படகிலிருந்தே தெரிகின்றன. அந்த வழியில் நம் காலத்துச் சிற்பி தனியேல் மொனியே பாறையில் ஒரு நீளப் புடைப்புச் சிற்பம் செதுக்கியிருக்கிறார்: மீன்கள், சங்குகள், நீர்ச் சுழிகள். சிற்பத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் இறங்கி நடக்கணும். பாறை சரிந்தால் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள், போகிறவர்கள் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதையின் முழு உருவமும் ஆற்றிலிருந்துதான் கண்ணுக்குப் படும். கயிறைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் குகைவழியில் குனிந்து நடந்தவர்களை நினைத்துக்கொண்டே, ஒரு விரலால் நெம்புகோலைத் தொட்டபடி நான் அதைக் கடந்தேன்.

அதற்கப்புறம் நதி அகலமாகிறது. ஒரு பக்கம் சாம்பலும் காவியும் கலந்த பாறை, மறுபக்கம் வால்நட் மரங்களும் நெட்டிலிங்கம் போல உயர்ந்த பாப்லார் வரிசையும். இந்த நீட்டில் சுக்கானை அம்மாவிடம் கொடுத்தோம். முதலில் வேண்டாம் வேண்டாம் என்றார். பிடித்த பிறகு அரை மணி நேரத்துக்கு விடவில்லை. சக்கரத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் படகு திரும்பும், அந்தத் தாமதம் பழகிவிட்டால் போதும். எதிரே கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு வந்தால் அவர்கள் விலகட்டும் என்று இருக்கக் கூடாது. நாம்தான் வேகத்தைக் குறைக்கணும், அம்மா அதை எங்களைவிட ஒழுங்காகச் செய்தார்.

ஒரு வளைவு திரும்பியதும் சேன் சிர் லாப்போப்பி. ஆற்றிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஊர். செங்குத்தான ஓட்டுக் கூரைகள், நடுவில் கோட்டை மாதிரி ஒரு தேவாலயம். 2012-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் நடந்த வாக்கெடுப்பில் மக்களுக்கு மிகவும் பிடித்த கிராமமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிலிருந்து கோடையில் கூட்டம் அலைமோதுகிறது. காரில் வருகிறவர்கள் மேலேயிருந்து நதியைப் பார்க்கிறார்கள், ஆனால் ஊரின் அழகு கீழே நதியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் முழுசாகக் கிடைக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா மிதந்தோம்.

படகைத் துறையில் கட்டிவிட்டு நானும் மகளும் ஊருக்குள் ஏறினோம். ஏற்றம் உண்மையிலேயே கடினம். கல்பாவிய சரிவு, நிழல் குறைவு, அரை மணி நேரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம், அம்மாவும் கணவரும் கரையிலேயே இருந்துவிட்டார்கள். மேலே பழைய காலத்தில் மரக்கடைசல்காரர்கள் இருந்த தெரு இருக்கிறது. பீப்பாய்க்குப் போடும் குழாய்களை பாக்ஸ் என்கிற கெட்டியான மரத்தில் கடைந்து செய்வதில் இந்த ஊர் பெயர் பெற்றது. கடைசல் பட்டறைகளின் பெரிய வளைவு வாசல்கள் இன்னும் இருக்கின்றன, இப்போது அவற்றில் மட்பாண்டமும் நகையும் விற்கிறார்கள். கனவையும் ஆழ்மனதையும் முன்னிறுத்திய சர்ரியலிசக் கலை இயக்கத்தைத் தொடங்கிய கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1951-இல் இங்கே ஒரு வீடு வாங்கி, சாகும் வரைக்கும் கோடைக்கோடைக்கு வந்து தங்கியிருக்கிறார். வீட்டை வெளியிலிருந்து பார்த்தோம். பாறை உச்சியில் பழைய கோட்டை இருந்த மேடைக்குப் போனால் நாங்கள் வந்த வழி முழுக்கத் தெரிகிறது, எங்கள் படகு அரிசி அளவுக்குக் கீழே கிடந்தது. கடைத்தெருவில் நேரம் போக்காமல் இறங்கிவிட்டோம். ஊர் அழகுதான், ஆனால் அன்றைக்கு எங்கள் மனசு முழுக்க ஆற்றில் இருந்தது.

சாப்பாடு விஷயம் முக்கியம். இந்தப் பகுதி வாத்துக்குப் பேர்போனது. உணவகங்களில் சைவம் என்று கேட்டால் சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் அல்லது ஆம்லெட், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அம்மா முட்டையும் சாப்பிட மாட்டார். அதனால் சனிக்கிழமையாகப் பார்த்துப் படகு பதிவு செய்து, காலையில் கஓர் தேவாலயத்துக்கு முன்னால் கூடும் சந்தையில் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தோம். புதன், சனி இரண்டு நாளும் சந்தை உண்டு. கெர்சி முலாம்பழம், வால்நட் பருப்பு போட்ட ரொட்டி, தக்காளி, ரொக்கமதூர் சீஸ். ரொக்கமதூர் என்பது 35 கிராம் எடையில் வட்டமாக வரும் சின்ன ஆட்டுப்பால் சீஸ். இளசாக வாங்கினால் புளிப்பே தெரியாது, ரொட்டியில் வெண்ணெய் மாதிரி தடவிக்கொள்ளலாம். ஆட்டுப்பால் வாடை பிடிக்காத என் கணவரே மூன்று சாப்பிட்டார். ஆனால் பாலை உறையவைக்க சீஸில் சேர்க்கும் பொருள் விலங்கின் வயிற்றிலிருந்து எடுப்பது. அதை ஒதுக்குகிறவர்களுக்கு இது ஆகாது, அம்மாவிடமும் முன்கூட்டியே சொன்னோம். அவர் ரொட்டியும் தக்காளியும் முலாம்பழமுமாகத் திருப்தியாகச் சாப்பிட்டார். மரநிழலில் படகைக் கட்டி, துணிக்கூரைக்குக் கீழே கால் நீட்டிச் சாப்பிட்ட அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மறுபடி போவேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சேன் சிர் லாக்கையும் கடந்து இன்னும் கொஞ்ச தூரம் மேலே போய்விட்டுத் திரும்பினோம். அங்கே படகுகளே இல்லை. திரும்பும்போது நீரோட்டம் நம் பக்கம் என்பதால் பேட்டரி சிக்கனமாகவே போனது. துறைக்கு வரும்போது பாதிக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் இருந்தது. பேட்டரி நடுவழியில் தீர்ந்துவிடுமோ என்கிற பயம் வேண்டாம், முழு வேகத்தில் எதிரோட்டத்தை அடித்துக்கொண்டு போகாத வரைக்கும்.

இறங்கும்போது லாக்கில் ஒரு கவனம் தேவை. மேல்க்கதவுக்கு அடியில் கல்திண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டி நிறைந்திருக்கும்போது அது தண்ணீருக்குள் மறைந்திருக்கும். படகின் பின்பக்கம் அதன்மேல் இருந்தால் தண்ணீர் இறங்க இறங்கப் படகு தொங்கிப்போகும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள், அதற்கு முன்னால் தள்ளி நிறுத்துங்கள். கயிறைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வாருங்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். கனிலில் எங்களுக்கு முன்னால் இரண்டு படகு, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். 6 மணிக்கு மேல் ஆனால் கூடுதல் கட்டணம் என்று ரசீதில் போட்டிருந்தது, அதனால் ஐந்தேமுக்காலுக்கு வந்து சேரும்போது கொஞ்சம் படபடப்பு இருந்தது. சேன் சிர் பக்கத்திலிருந்து நான்கு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது.

இனிக் குறைகள். முதலாவது, படகில் கழிவறை இல்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் இதை யோசித்தே ஆகணும். துறைகளில் எங்கே வசதி இருக்கிறது என்று புறப்படும்போதே கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு யாரும் தாமாகச் சொல்லவில்லை. இரண்டாவது, துணிக்கூரை நடு இருக்கைகளுக்குத்தான் நிழல் தருகிறது. சுக்கான் பிடிக்கிறவர் முழு வெயிலில், ஜூனிலேயே என் கழுத்து எரிந்தது. மூன்றாவது, பதிவு செய்யும்போது குளிர்பெட்டி தருவதாக இருந்தது, அன்றைக்குக் கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றார்கள். வெயில் நாளில் அது சின்ன விஷயம் இல்லை. நான்காவது, ஏறும் இடம். மேடைக்கும் படகுக்கும் ஒரு முழ உயர வித்தியாசம், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அந்தப் பெண்மணியும் கணவரும் ஆளுக்கொரு கை கொடுத்துத்தான் அம்மாவை இறக்கினார்கள். ஒரு மரப்படி போட்டால் தீர்கிற குறை இது, சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்த பிறகு அம்மாவுக்கு எந்தச் சிரமமும் இல்லை. இருக்கை உயரமாக இருந்ததால் எழுந்திருப்பதும் எளிதாக இருந்தது.

ஓட்டவே வேண்டாம், சும்மா உட்கார்ந்து வந்தால் போதும் என்கிறவர்களுக்கு கஓரிலிருந்தே விளக்கத்தோடு கூடிய சுற்றுப் படகுகள் போகின்றன, போன் வலாந்த்ரே பாலத்துக்கு அடியில் கூட்டிப்போவார்கள். 1308-இல் தொடங்கிக் கட்டிய, மூன்று கோபுரம் வைத்த கோட்டைப் பாலம் அது. கட்டியவர் வேலை முடிவதற்காகச் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு, கடைசியில் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவனை ஏமாற்றினாராம். கோபத்தில் சாத்தான் நடுக் கோபுரத்து மூலைக் கல்லை ஒவ்வோர் இரவும் பிடுங்கிப் போட்டான் என்று கதை. 1879-இல் பாலத்தைப் பழுதுபார்த்த கட்டடக் கலைஞர் போல் கூ, அந்த மூலையில் கல்லைப் பிடுங்கப் பார்க்கும் ஒரு குட்டிச் சாத்தானையே செதுக்கி வைத்துவிட்டார். படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாலை வெளிச்சத்தில் போய் மகள் அதைத் தேடிக் கண்டுபிடித்தாள். அந்தச் சுற்றுப் படகு நல்ல தேர்வுதான், இருந்தாலும் லாக் கைப்பிடியை உங்கள் குழந்தை கையில் அது தராது.

குழந்தைகள் பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். கைக்குழந்தையோடு என்றால் லாக்கில் இரண்டு பேர் கரையில் நிற்க வேண்டியிருக்கும், பெரியவர்கள் குறைந்தது மூன்று பேராவது வேண்டும். இரண்டே பேர் போனால் லாக்குகளைத் தொடாமல் ஒரே நீட்டில் போய்வரும்படி அரை நாள் படகு எடுத்துக்கொள்ளுங்கள்.

படகுப் பருவம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. மழை பலமாகப் பெய்து நீர்மட்டம் ஏறினால் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்படி நடந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாள் தருவார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். ஜூன் அல்லது செப்டம்பர்தான் என் சிபாரிசு. வார நாள் கிடைத்தால் புதன்கிழமையைப் பிடியுங்கள்: சந்தையும் இருக்கும், லாக்கில் வரிசையும் இருக்காது. அகலத் தொப்பி, மாற்றுத் துணி, வழுக்காத செருப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சொந்தமாக ஒரு குளிர்பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.